குஞ்சு வாங்குமுன்

ஹட்டன்

அன்புள்ள மகளுக்கு,

பேரனுக்கு ஒரு கூஸ் வாத்துக் குஞ்சு வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி, ஆனால் ஒன்று போதாது, இரண்டாக வாங்கு. கூட்டமாக வாழும் அந்தப் பறவை தனியாக விடப்பட்டால், வீட்டில் ஆளில்லாத நேரமெல்லாம் கத்திக் கத்தி ஏங்கிப்போகும்.

முட்டையிலிருந்து வெளிவந்ததும் தன் முன்னால் நடமாடும் உயிரையே அது தாயாக ஏற்றுக்கொண்டு பின்தொடரும். இதை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய அறிஞருக்கு, விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே முதல் சில வாரங்களில் பேரன் அவற்றோடு தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும். அந்த நாட்களில் கிடைக்கும் பழக்கத்தைப் பிறகு உண்டாக்குவது கடினம்.

நான் முதன்முதலில் வளர்த்தபோது பெட்டிக்குள் பழைய பத்திரிகையை விரித்துவிட்டேன். வழுக்கும் தாளில் ஊன்ற முடியாமல் ஒரு குஞ்சின் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோயின. துணிக்கீற்றால் அவற்றைத் தளர்வாக இணைத்துக் கட்டி, நான்கு நாட்கள் கையிலேயே தாங்கி நிற்கப் பழக்கினேன். ஐந்தாம் நாள் அது என் செருப்பைக் கொத்திக்கொண்டு அடுப்படிவரை வந்ததை இன்னும் மறக்கவில்லை. நீ சாக்கை விரித்துவிடு.

பண்டாரவளைக் குளிருக்கு மின்குமிழ் கட்டாயம் வேண்டும். முதல் வாரம் 32 பாகை செல்சியஸ் சூடு இருக்கட்டும், பிறகு வாரத்துக்கு 3 பாகையாகக் குறைத்துக்கொள். குஞ்சுகள் விளக்கின் கீழ் நெருக்கியடித்தால் குளிர்கிறது, விலகிப் படுத்தால் சூடு அதிகம் என்று அறிந்துகொள். தண்ணீர்ப் பாத்திரம் மூக்கைக் கழுவும் ஆழத்தில் இருந்தால் போதும். பாண் போடாதே, இளம்புல்லே அவற்றின் உணவு. களைகொல்லி தெளித்த தேயிலை நிரைகளிலிருந்து மட்டும் புல் அறுத்து வராதே. கோவாப் பாத்திக்கும் வேலி போட்டுவிடு.

வளர்ந்த ஆண், பெட்டை அடைகாக்கும் காலத்தில் கழுத்தைத் தாழ்த்தி நீட்டிச் சீறும். அது குறும்பல்ல, காவல். அப்போது பேரனைக் கூட்டுக்கு அருகில் விடாதே. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 ஆண்டுகள்கூட வாழும் என்பதையும் நினைவில் வைத்து முடிவு செய்.

முடிவு செய்தால் கடைக்குப் போக வேண்டாம். நம் பெட்டை 6 முட்டைகளின்மேல் உட்கார்ந்து 12 நாட்களாகின்றன. பொரிக்க மொத்தம் ஏறக்குறைய 30 நாட்கள் ஆகும். விடுமுறைக்கு அவனை அழைத்து வந்துவிடு, அவன் குரலைக் கேட்டபடியே குஞ்சுகள் ஓட்டை உடைத்து வரட்டும்.

அன்புடன்,
அப்பா