மூன்று மாதச் சம்பளத்தை முதலிலேயே கட்டச் சொல்லுங்கள்

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் நிர்வாகக் குழுவுக்கும், அதன் 211 உறுப்புச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் கணவருக்கு ஐந்து மாதச் சம்பளம் பாக்கி வைத்த கிளப் கலைக்கப்பட்டுவிட்டதாம். அதன் பெயரில் சொத்து எதுவும் இல்லையாம். இரண்டே வரி. உங்கள் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்பு எழுதி எட்டு மாதம் ஆகிறது. தீர்ப்பின் நகல் எங்கள் அலமாரியில் இருக்கிறது, பணம் வந்தபாடில்லை. அதே மைதானத்தில், அதே நிற ஜெர்சியில், வேறு பெயரில் ஓர் அணி இந்தப் பருவம் ஆடிக்கொண்டிருக்கிறது.

என் கணவர் கோல்கீப்பர். 16 ஆண்டுகளில் ஆறு நாடுகள், பதினொரு கிளப்புகள். பெரிய லீக் எதிலும் ஆடியதில்லை. இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை அணிகளில், பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆடுபவர். முதல் கோல்கீப்பருக்கு முழங்கால் போய்விட்டால் அவசரத்துக்கு அழைக்கப்படுபவர். இந்த விளையாட்டை நம்பிப் பிழைப்பவர்களில் இவரைப் போன்றவர்கள்தான் அதிகம். வீரர்களின் சர்வதேசச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-இல் 54 நாடுகளில் ஏறத்தாழ 14,000 வீரர்களிடம் கேட்டு அறிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய இரண்டு பருவங்களில் 41 சதவீதம் பேருக்குச் சம்பளம் தாமதமாகியிருந்தது. ஏறக்குறைய 45 சதவீதம் பேரின் மாதச் சம்பளம் 1,000 டாலருக்கும் கீழே. இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாதது அல்ல.

நாடு நாடாகப் போய் ஆடுபவர்களின் கதையைக் கேட்க எல்லோருக்கும் பிடிக்கிறது. ஜெர்மன் கோல்கீப்பர் லுட்ஸ் ஃபன்னன்ஸ்டீல் உங்கள் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையில் ஆடிய முதல் வீரர். உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரேயு, ஆடிய கிளப்புகளின் எண்ணிக்கைக்காகவே கின்னஸில் இடம்பிடித்தார். "உங்கள் கணவருக்கும் எத்தனை அனுபவம்!" என்று என்னிடமும் சொல்கிறார்கள். அதே ஃபன்னன்ஸ்டீல் 2002-இல் இங்கிலாந்தில் ஓர் ஆட்டத்தில் மோதி, மூச்சு நின்று, மைதானத்திலேயே மீட்கப்பட்டவர் என்பதை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுவதை அனுபவம் என்று சொல்கிறவர்கள், பெட்டி கட்டுகிறவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

கடைசி கிளப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் மாதத்திலிருந்து சம்பளம் நின்றது. பாக்கியை விட்டுக்கொடுத்து, இரு தரப்பும் மனமொத்துப் பிரிவதாகக் கையெழுத்துப் போடு, உடனே அனுப்பிவிடுகிறோம் என்றார் மேலாளர். இவர் மறுத்தார். மறுநாள் காலை பயிற்சிப் பட்டியலில் இவர் பெயர் இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து தனியாகப் பயிற்சி செய்துகொள்ளும்படி ஒரு சீட்டு மட்டும் வந்தது.

நடுக்கள வீரர் ஒருவர் தனியாக ஓடலாம், பந்தை உருட்டலாம். கோல்கீப்பர் தனியாக என்ன செய்வார்? யாராவது அடித்தால்தானே பிடிக்க முடியும்? இவர் பார்வையாளர் மேடைக்குப் பின்னால் இருந்த காங்கிரீட் சுவரில் பந்தை எறிந்து, திரும்பி வருவதைப் பாய்ந்து பிடிப்பார். இடப்பக்கம் இருநூறு, வலப்பக்கம் இருநூறு. அந்தச் சுவரில் பட்டுப் பட்டுப் பந்தின் தோல் உரிந்துவிட்டது. கையுறையில் உள்ளங்கைப் பக்கத்து ரப்பர் தேய்ந்து, சுட்டுவிரல் தையல் விட்டுப்போய், அதன்மேல் டேப் சுற்றியிருந்தார். புதுக் கையுறை கேட்டார், கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் நானும் எங்கள் ஒன்பது வயது மகனும் போனோம். பெனால்டி புள்ளியிலிருந்து பையன் முழு மூச்சாக உதைப்பான். பந்து பாதி தூரத்திலேயே வேகம் இழந்து உருண்டு வரும். அதற்கும் இவர் முழு நீளத்துக்குப் பாய்ந்து விழுவார். "விழாமல் இருந்தால் உடம்பு மறந்துவிடும்" என்றார். அப்பாவை ஏமாற்றி கோல் போட்டுவிட்டதாக நினைத்து ஒருமுறை பையன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அன்று எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. நான்காம் நாள், குடும்பத்தினருக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஒப்பந்தத்தை முறிக்க வைப்பதற்காக ஒரு வீரரை இப்படி வதைப்பது தவறு என்று உங்கள் விதியே சொல்கிறது. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் தெரிவித்துவிட்டு, வீரர் வெளியேறலாம் என்றும் சொல்கிறது. நல்ல விதிதான். அதை எழுதியவர்களுக்கு நன்றி. ஆனால் கிளப்புகள் அந்த விதியை உங்களைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கின்றன. கிளப்புகள் புது வீரர்களைப் பதிவு செய்யும் காலம், அதாவது டிரான்ஸ்ஃபர் காலம், ஆண்டுக்கு இரண்டு முறை, இரண்டும் சேர்த்து அதிகபட்சம் 16 வாரம். அந்தக் கதவு மூடிய பிறகுதான் சம்பளம் நிற்கும். இரண்டு மாதமும் 15 நாளும் பொறுத்து ஒருவர் வெளியே வந்தால், அவரை எடுக்க நினைக்கும் அணியும் அடுத்த கதவு திறக்கும்வரை காத்திருக்க நேரலாம். பல கிளப்புகள் கணக்குப் போட்டே இதைச் செய்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். இவர் விஷயத்தில், டிரான்ஸ்ஃபர் காலம் முடிந்த பத்தாம் நாள் சம்பளம் நின்றது.

வழக்குப் போட எங்களிடம் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. அதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். தீர்ப்பு வந்ததும் பணம் கட்ட கிளப்புக்கு 45 நாள். கட்டாவிட்டால், தொடர்ந்து மூன்று டிரான்ஸ்ஃபர் காலங்கள் வரை புது வீரர்களைச் சேர்க்கத் தடை. உயிரோடு இருக்கிற கிளப்புக்கு அது தண்டனை. கலைந்துபோன கிளப்பை அது என்ன செய்யும்? புதுப் பெயரில் வந்திருப்பது பழைய கிளப்பின் வாரிசுதான் என்றால் அதனிடம் கேட்கலாம் என்கிறீர்கள். அந்தத் தொடர்ச்சியை எடுத்துக் காட்டுகிற வேலை எங்கள் தலையில் விழுகிறது. இன்னொரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, மைதானத்தின் படம், ஜெர்சியின் நிறம், உரிமையாளர் பெயர் என்று தேடித் தேடிச் சேகரிக்கிறேன். இரவு மகன் தூங்கிய பிறகு எனக்கு இதுதான் வேலை.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வேறு நாட்டிலிருந்து ஒரு வீரரைப் பதிவு செய்யும் எந்தக் கிளப்பும், அந்த வீரரின் மூன்று மாதச் சம்பளத்தை முதலிலேயே பிணைத்தொகையாகக் கட்ட வேண்டும். கட்டிய அத்தாட்சி இல்லாமல் பதிவு கூடாது. சம்பளம் 15 நாள் தாமதமானால் அந்தத் தொகையிலிருந்து நேராக வீரருக்குப் போக வேண்டும். கிளப் அதை நிரப்பும்வரை அடுத்த வீரரைச் சேர்க்கக் கூடாது.

இதற்குப் புதிதாக எதையும் கட்டியெழுப்ப வேண்டியதில்லை. ஒரு வீரர் கைமாறும்போது அவரை வளர்த்த கிளப்புகளுக்குச் சேர வேண்டிய பயிற்சி இழப்பீட்டையும் கைமாறும் தொகையில் 5 சதவீதப் பங்கையும் முறையாகக் கொண்டு சேர்க்க, 2022 நவம்பரில் பாரிஸில் கிளியரிங் ஹவுஸ் என்ற பணப் பட்டுவாடா மையத்தைத் தொடங்கினீர்கள். நாடு விட்டு நாடு போகும் ஒவ்வொரு மாற்றத்தின் ஒப்பந்தமும் ஏற்கெனவே உங்கள் கணினி முறையில் ஏறுகிறது. ஒரு கிளப்பிடமிருந்து இன்னொரு கிளப்புக்குப் போகிற பணத்துக்கு இத்தனை பாதுகாப்பு இருக்கிறது. ஆடுகிறவரின் கூலிக்கு மட்டும் ஏன் எதுவும் இல்லை?

சின்ன கிளப்புகளால் இது முடியாது என்பீர்கள். மூன்று மாதச் சம்பளத்தை முதலில் காட்ட முடியாத கிளப், பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு எந்தத் தைரியத்தில் கையெழுத்துப் போடுகிறது? அப்படிப்பட்ட கிளப் ஒரு குடும்பத்தை வேரோடு பிடுங்கி இன்னொரு நாட்டுக்கு வரவழைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கலைந்துபோன கிளப்புகளால் ஏமாந்தவர்களுக்காக 2020-இல் ஃபிஃப்ப்ரோவோடு சேர்ந்து 1.6 கோடி டாலர் நிதி அறிவித்தீர்கள். பலருக்கு அது உதவியது. ஆனால் அது வீடு எரிந்து முடிந்த பிறகு வந்த தண்ணீர். எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய உரிமைகள் எல்லாம் யாரோ ஒரு வீரர் தன் ஆடும் வயதைத் தொலைத்து நீதிமன்றத்தில் வாங்கித் தந்தவைதாம். ஒப்பந்தம் முடிந்த வீரர் தொகை எதுவும் இல்லாமல் கிளப் மாறும் உரிமையை 1995-இல் வென்றவர் ஜான் மார்க் பாஸ்மன். ஒப்பந்தத்தை முறித்த வீரர்களைக் கட்டிப்போட்ட உங்கள் விதிகளை 2024-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் எதிர்த்து வென்றவர் லசானா டியாரா. சம்பளப் பாக்கி கேட்டு வழக்குப் போட்ட ஜாஹிர் பெலூனிஸ், வெளியேறும் அனுமதி கிடைக்காமல் கத்தாரிலேயே அடைபட்டுக் கிடந்து 2013 நவம்பரில்தான் வீடு திரும்பினார். ஒவ்வொரு விதிக்கும் ஒரு வீரரின் வாழ்க்கை பலியாக வேண்டுமா? இன்னும் எத்தனை பேர் வேண்டும் உங்களுக்கு?

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் ஒரு காலத்தில் இந்தப் புல்லில் ஓடியவர்கள் என்பதால்தான் உங்களிடம் எழுதுகிறேன்.

என் கணவருக்கு இப்போது 35 வயது. வேறொரு நாட்டிலிருந்து ஒரு கிளப் அழைத்திருக்கிறது. மறுபடியும் ஓராண்டு ஒப்பந்தம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "இவங்க சம்பளம் கொடுப்பாங்களா?" என்று நேற்று இரவு என்னிடம் கேட்டார். ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். அதில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

மூன்று மாதச் சம்பளப் பிணைத்தொகையை உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பின் நகல், ஒப்பந்தம், தனிப் பயிற்சிக்கு அனுப்பிய அந்தச் சீட்டு, மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கேட்டால் அன்றே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கோல்கீப்பரின் மனைவி