மணல் கல்லாவது எப்படி? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ பார்க்க வருகிறவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "மணலும் சேறும் இறுகித்தானே இந்தக் கல் உண்டாச்சு? தண்ணி பட்டா மறுபடி கரைஞ்சிடாதா?" நியாயமான கேள்வி. "கரையாதுங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட எங்களுக்கு மனசில்லை. கல் உருவான விதம் தெரிந்தால், எதை எங்கே பதிக்கலாம், எதைக் கொண்டு கழுவலாம் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

ஆறும் காற்றும் அலையும் கொண்டுவந்து சேர்க்கும் மணல், வண்டல், சிப்பித் துண்டுகள் எல்லாம் முதலில் உதிரியாகத்தான் கிடக்கும். புதிதாகப் படிந்த மணலில் ஏறத்தாழ 40 சதவீதம் இடைவெளிதான். அதில் தண்ணீர் நிறைந்திருக்கும். சேற்றில் இன்னும் அதிகம், 70 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. மேலே புதுப் படிவு சேரச் சேர அடியில் பாரம் ஏறும், தண்ணீர் பிதுங்கி வெளியேறும், துகள்கள் நெருங்கும். களிமண் துகள்கள் தட்டையானவை என்பதால் பாரத்தில் படுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காகிவிடும். சில கிலோமீட்டர் ஆழத்துக்குப் புதைவதற்குள் சேற்றுப் படுகை தன் பழைய தடிமனில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். களிப்பாறையைத் தட்டினால் ஏடு ஏடாகப் பெயர்வது இதனால்தான்.

மணலின் கதை வேறு. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் மணிகள், அதாவது சிலிக்காப் படிகங்கள், கடினமானவை, ஓரளவுக்கு மேல் நெருங்காது. அழுத்தம் மட்டுமே வாங்கிய மணலை வெளியே எடுத்தால் கையில் உதிரும். "பூமி அழுத்தி அழுத்திக் கல்லாக்குகிறது" என்று எல்லாரும் சொல்வது பாதிதான் சரி. மீதி வேலையைச் செய்வது தண்ணீர்.

நிலத்தடியில் ஊர்ந்து போகும் தண்ணீரில் சுண்ணாம்பு, சிலிக்கா, இரும்பு எல்லாம் கரைந்திருக்கும். மணிகளுக்கு இடையே அது நகரும்போது, வெப்பமும் வேதிநிலையும் தோதாக அமைந்த இடத்தில் கரைந்தது படிகமாகப் படியும். சுண்ணாம்பு, அதாவது கால்சைட், மேல்மட்டத்திலேயே படிந்துவிடும். சிலிக்காவுக்குச் சூடு வேண்டும். பெரும்பாலும் 70, 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் அது குவார்ட்ஸ் மணிகளைச் சுற்றிச் சுறுசுறுப்பாக வளரும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும் என்று வைத்தால், இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், பல லட்சம் ஆண்டுகளாக நடக்கும் வேலை இது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நல்ல மணற்கல்லின் புது உடைப்பை வெயிலில் திருப்பிப் பாருங்கள், பொடிப்பொடியாக மின்னும். ஆற்றில் உருண்டு மழமழப்பான மணி அப்படி மின்னாது. அதன்மேல் பிறகு வளர்ந்த குவார்ட்ஸின் தட்டையான முகங்கள்தான் ஒளியைத் திருப்புகின்றன. 1849-இல் ஆங்கிலேயப் புவியியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கினார். அந்த முறையில் பார்த்தால், பல மணிகளுக்குள் பழைய உருண்டை வடிவம் தூசிக் கோடாக இன்னும் தெரியும். எங்களுக்கு அலுக்காத காட்சி அது.

காலத்தை மட்டும் வைத்துக் கல்லின் உறுதியை எடைபோடாதீர்கள். வெப்பமண்டலக் கடற்கரைகளில் சில பத்தாண்டுகளிலேயே மணல் கால்சைட்டால் இறுகிப் பாறையாகிவிடுவதுண்டு. நம் காலத்துக் கண்ணாடி பாட்டில்கள்கூட அதற்குள் சிக்கியிருக்கின்றன. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வட்டாரத்து நீலக் களிமண்ணோ 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது, ஆழமாகப் புதையாததால் இன்றும் பிசையும் களிமண்ணாகவே இருக்கிறது.

சுண்ணாம்புக்கல் வாங்கியவர்கள் சிலர் "விரிசல் விட்ட ஸ்லாபைக் கொடுத்துட்டீங்க" என்று வருத்தப்படுகிறார்கள். ரம்பப் பல் போல வளைந்து போகும் கருங்கோடு அது. பாரம் தாங்காமல் கல் அந்த வரிசையில் கரைந்திருக்கிறது, கரையாத களிமண் கோடாகத் தங்கிவிட்டது. கரைந்த சுண்ணாம்பு அக்கம்பக்கத்துத் துளைகளில் படிந்து கல்லை இன்னும் இறுக்கியிருக்கும். ஆகவே அது விரிசல் இல்லை. ஆனாலும் கோட்டில் களிமண் தடிமனாக இருந்தால் அந்த வழியே பிளக்க வாய்ப்புண்டு. மெல்லிய ஸ்லாபுகளில் அப்படிப்பட்டதை நாங்களே ஒதுக்கிவிடுகிறோம்.

கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைவிட முக்கியம், மணிகளைப் பிடித்து நிறுத்தியிருப்பது எது என்பது. சிலிக்கா பிடித்த மணற்கல் மழைக்கும் வெயிலுக்கும் அசையாது, வெளித் தளத்துக்கு அதைத்தான் சொல்வோம். கால்சைட் பிடித்ததாக இருந்தால் அமிலம் ஆகாது. குளியலறை கழுவும் ஆசிட், வினிகர் எதுவானாலும் கால்சைட்டைக் கரைத்துவிடும், பிடிமானம் போன மணிகள் துடைக்கத் துடைக்க உதிரும். மிதமான சோப்புத் தண்ணீரே போதும். சிவப்பு நிறம் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு தந்தது. மணிகளின் மேல் மெல்லிய பூச்சாக இருந்தாலே கல் சிவந்துவிடும் என்பதால், சிவப்பை வைத்து உறுதியைச் சொல்ல முடியாது. களிமண் மட்டுமே பிடித்து வைத்திருக்கும் கல் ஈரத்தில் இளகும். முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது: அந்த வகைக்கு மட்டும் உங்கள் பயம் நியாயம்.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் துளைகள் இன்னும் திறந்திருக்கின்றன என்று பொருள். அப்படிப்பட்ட கல்லுக்கு ஈரம் ஆவியாகி வெளியேற விடும் சீலரைத்தான் (கல்லைக் காக்கும் பூச்சு) போடச் சொல்லுங்கள். உள்ளேயே அடைபட்டால் தண்ணீரோடு வந்த உப்பு மேல்தோலுக்கு அடியில் படிகமாகி, கல்லைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும்.

சுவர் கட்டுவதானால் கொத்தனாரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: கல்லின் அடுக்குகள் படிந்தபோது இருந்தபடி கிடைமட்டமாகவே இருக்கட்டும். நிமிர்த்தி வைத்து அடுக்கின் முகத்தை வெளிப்பக்கம் காட்டினால், ஒவ்வொரு ஏடாகக் கழன்று வரும். எது அடுக்கு என்று தெரியாவிட்டால் கல்லை இறக்கும்போதே கேளுங்கள், சாக்கட்டியால் குறித்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் கல் பட்டறையினர்