ஏரி குத்தகையும் லாஜிஸ்டிக் கணக்கும்

மாமே,

நல்லா கீறியா? உன் லெட்டர் வந்துச்சு. குடியாத்தம் பக்கம் ஏரில மீன் குத்தகை எடுத்துட்டியாமே, வீட்ல சொன்னேன், நம்பவே இல்ல. காட்பாடில எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, வெயில்தான் தாங்கல.

விட்ட மீனு பெருகிக்கினே போவும்னு கணக்கு போட்டு வெச்சிருக்க பாரு, அங்கதான் இடிக்குது. 1838லயே வெர்ஹுல்ஸ்ட்னு ஒரு பெல்ஜியம்காரரு மக்கள்தொகைக்கு ஒரு சமன்பாடு போட்டாரு, அதான் நான் டியூஷன்ல நடத்துற லாஜிஸ்டிக். மீன் எத்தினி கீதோ அத, ஏரில இன்னும் எவ்ளோ பங்கு எடம் காலியா கீதோ அதாலயும் வளர்ச்சி வீதத்தாலயும் (எடம் தாராளமா இருந்தா ஒரு மீனுக்கு வருஷத்துக்கு எத்தினி மீன் கூடுதுன்ற கணக்கு) பெருக்கணும், அதான் பெருகற வேகம். ஒரு பேச்சுக்கு உன் ஏரி 10,000 மீன் தாங்கும், வளர்ச்சி வீதம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கோ. 1,000 மீன் இருந்தா வேகம் வருஷத்துக்கு 900. 5,000ல 2,500. 9,000 ஆச்சுன்னா திரும்பவும் அதே 900தான், இன்னாடா ஏரி நெறைய மீனு பெருகவே மாட்டேங்குதுன்னு நீ தலைய சொறிவ. அதனால பாதில நிக்க வெச்சு, பெருகற அளவுக்கு மட்டும் வலை போடு.

ஒண்ணு, இது ஏரிலயே குஞ்சு பொரிக்கிற ஜிலேபி மீனுக்குதான். கட்லா, ரோகுக்கு ஓடற தண்ணி வேணும், ஏரில குஞ்சு பொரிக்காது, அதுங்கள காசு குடுத்து வாங்கிதான் விடணும்.

கோடைல தண்ணி வத்தி, தாங்கற அளவு 4,000க்கு எறங்கிடுச்சுன்னு வை, அந்த 5,000 மீனுக்கு அதே ஃபார்முலா மைனஸ் 1,250னு காட்டும், அதாவது மீன் அந்த வேகத்துல கொறையும், கொறையறதுக்குன்னு தனி கணக்கெல்லாம் தேவையில்ல. அதுக்கு முன்னாடியே புடிச்சு வித்துடு.

ஆனா அந்த தாங்கற அளவு கீது பாரு, அத மட்டும் எவன் சொன்னாலும் முழுசா நம்பாத. 1920ல பேர்ல், ரீட்னு ரெண்டு பேரு இதே வளைவ வெச்சு அமெரிக்கா ஜனத்தொகை 19.7 கோடியோட நின்னுடும்னாங்க, 2020 சென்சஸ்ல 33 கோடி!

குத்தகை எத்தினி வருஷம்னு எழுதவே இல்லியே? கடைசி வருஷத்துக்கு பாதி கணக்கு ஆவாது, நீ விட்டு வெச்சா அடுத்த குத்தகைக்காரன் அள்ளிடுவான்.

உன் மாமன்