ஓடவிட்டுப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் உடல்தகுதி அட்டை கொடுத்தார்கள். மகனுக்கு 13 வயது, 150 செ.மீ. உயரம், 54 கிலோ. ‘நார்மல்’ என்று போட்டிருந்தது. மகளுக்கு 10 வயது, 138 செ.மீ., 32 கிலோ, ‘எடை குறைவு’. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்குப்படி அவனுக்கு 24, அவளுக்கு 16.8 வருகிறது. 18.5-க்குக் கீழே என்றால் எடை குறைவு, 25-க்கு மேலே என்றால் அதிகம் என்பது பெரியவர்களுக்கான அளவு. வளரும் பிள்ளைகளுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத் தனி அட்டவணை இருக்கிறது. அதில் பார்த்தால் மகனுக்குத்தான் எடை அதிகம், மகள் சரியாக இருக்கிறாள். ரெண்டு பேர் அட்டையும் தப்பு.

அதைக்கூடத் திருத்திவிடலாம், என் ஆதங்கம் வேறு. அட்டையில் நார்மல் என்று எழுதின அதே பள்ளியில், விளையாட்டு விழாவுக்கு ஆள் எடுத்தபோது என் மகனை ஓடவிட்டே பார்க்கவில்லை. “நீ கயிறு இழுக்க வா, போதும்” என்று சொல்லி மரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

பொங்கல் லீவில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போயிருந்தோம். படி ஏறும்போது பாதியிலேயே மகள் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டாள், மூச்சு வாங்குகிறது, பேச முடியவில்லை. மேலே போய்விட்டுத் தண்ணீர் பாட்டிலோடு அவளுக்காகத் திரும்பி இறங்கி வந்தவன், பள்ளியில் ‘தடியா’ என்று கூப்பிடப்படும் அவள் அண்ணன்தான். அவன் ஒரு வருஷமாகத் தினமும் சாயங்காலம் ஒத்தக்கடையில் தெருப் பையன்களோடு கபடி ஆடுகிறான். அவளுக்குப் பள்ளி விட்டதும் டியூஷன், அப்புறம் போன். ஒல்லியாக இருக்கிறாளே, இவளுக்கு என்ன குறை என்று நானும் இருந்துவிட்டேன், அது என் தப்பு.

எடை ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. தன் உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு ஓடவும் தாண்டவும் வேண்டியிருப்பதால் கனமான பிள்ளைகள் பொதுவாகப் பின்தங்குவார்கள், குண்டு எறிவதிலும் கைப்பிடி பலத்திலும் அவர்களே முந்துவதும் உண்டு. ரொம்ப மெலிந்த பிள்ளைகளுக்கோ தசை போதாமல் பலமே குறைவாக இருக்கும். கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று எடை மெஷின் பிரித்துச் சொல்லாது. நம் ஊர்ப் பிள்ளைகளில் கை கால் குச்சியாக இருந்து வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்து யாரும் கவலைப்படுவதே இல்லை. என் மகன் எடையையும் நான் கவனிக்கத்தான் வேண்டும், பரோட்டாவைக் குறைத்திருக்கிறோம். ஆனால் எடை இறங்குகிறதோ இல்லையோ, தினமும் ஆடுகிற பிள்ளைக்கு இதயமும் நுரையீரலும் பலப்படும்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்குகிற அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே வாரத்துக்கு ரெண்டு விளையாட்டு பீரியட், அதிலும் ஒன்றைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் வயிறு காயக்கூடாது என்று காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பரில் நம் மதுரையில்தான் தொடங்கினார்கள். அந்த அக்கறையில் கொஞ்சம் இந்த பீரியடுக்கும் வேண்டும்.

பள்ளிக்கு என் வேண்டுகோள் இதுதான். எடை பார்க்கும்போது வராந்தாவில் வரிசையாக நிறுத்தி எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள். 600 மீட்டர் ஓட்டத்தை ஜூனில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் நேரத்தையும் அதன் பழைய நேரத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரெண்டு வாரமாக மகளும் அண்ணனோடு மைதானத்துக்குப் போகிறாள். அடுத்த ஓட்டத்துக்குக் கோடு போடும்போது ரெண்டு பேரையும் அதில் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
ஒத்தக்கடை, மதுரை.