மூணாவதா வந்தவரைக் காணோம்ங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

2025 ஜூலை 7 திங்கக்கிழமை வந்த விளையாட்டுப் பக்கம் பத்தி தான் இந்த லெட்டர். முதல்லயே சொல்லிடறேன், எட்ஜ்பாஸ்டன்ல இந்தியா ஜெயிச்சதுக்கு அவ்ளோ இடம் குடுத்தது சரி தான். அந்த கிரவுண்டுல அதுக்கு முன்னாடி நாம டெஸ்ட் ஜெயிச்சதே இல்ல, 336 ரன் வித்தியாசம், கில் ஒரே மேட்ச்ல 269-ம் 161-ம், ஆகாஷ் தீப் பத்து விக்கெட், எங்க வீட்லயும் அதே பேச்சு தான். அதுல ஒரு வரி கூட குறைக்கச் சொல்லலைங்க. ஆனா அதே ஞாயித்துக்கிழமை அதே இங்கிலாந்துல சில்வர்ஸ்டோன்ல ஃபார்முலா 1 ரேஸ் நடந்துச்சு, அதுக்கு நீங்க குடுத்தது மூணே வரி. நாரிஸ் வெற்றி, பியாஸ்ட்ரி இரண்டாமிடம், அவ்ளோதான். மூணாவதா வந்தவர் பேரே இல்ல. கூட போட்டிருந்த கார் படமும் வேற ஏதோ வருஷத்துது, அதை விடுங்க.

அந்த மூணாவது ஆளுக்காகத்தான் அன்னைக்கு உலகம் பூரா ரேஸ் பாக்குறவங்க எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. நிகோ ஹல்கன்பர்க், ஜெர்மனிக்காரர், 37 வயசு, 2010-ல இருந்து ஓட்டுறாரு, இது அவருக்கு 239-வது ரேஸ், அதுவரைக்கும் ஒரு தடவை கூட முதல் மூணுக்குள்ள வந்ததில்ல. ஒருத்தர் இத்தனை வருஷம் டீம்ல இருந்து ஒரு செஞ்சுரி கூட அடிக்காம திடீர்னு ஒரு நாள் அடிச்சா நீங்க தலைப்புல போட மாட்டீங்களா? அதுவும் 19-வது இடத்துல இருந்து கிளம்பி, போன வருஷம் மொத்தமே 4 பாயின்ட் எடுத்து கடைசியா வந்த சாபர் டீம் கார்ல! அந்த டீமுக்கே 2012 ஜப்பான்ல கோபயாஷி மூணாவது வந்ததுக்கு அப்புறம் இது தான் முதல் போடியம், அதாவது முதல் மூணு பேர் ஏறுற மேடை. பேப்பர் அச்சுக்கு போக நேரமில்லைன்னும் சொல்ல முடியாது, நம்ம நேரம் ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிச்ச ரேஸ், நீங்க நாரிஸ் பேரை போட்டீங்கள்ல, அதே லிஸ்ட்ல ரெண்டு வரி கீழ தான் இவரு பேரும் இருந்திருக்கும்.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னு கேப்பீங்க. நான் பீளமேடு பக்கம் ஒரு லேத் பட்டறையில கணக்கு எழுதுறேன். கோயம்புத்தூர்ல ரேஸ் பாக்க ஆரம்பிச்சவங்க பாதி பேர் மாதிரி நானும் 2005-ல நரேன் கார்த்திகேயனுக்காகத்தான் டிவி முன்னாடி உக்காந்தேன், நம்ம ஊரு பையன் ஜோர்டான் கார்ல போறான்னா பாக்காம இருக்க முடியுமா. அப்போ நம்ம பேப்பர்லயே நரேன் எத்தனாவது இடத்துல இருந்து கிளம்புறாரு, ஏன் நின்னு போச்சு, கியர்பாக்ஸா என்ஜினா வரைக்கும் வரும். அந்த வருஷம் இண்டியானாபொலிஸ்ல அவரு நாலாவது வந்தப்போ, மிஷலின் டயர் அந்த சாய்வான வளைவுல தாங்காதுன்னு 14 கார் ஒரு சுத்து சுத்திட்டு பிட்டுக்குள்ள (டயர் மாத்துற, ரிப்பேர் பாக்குற இடம்) போயிருச்சு, பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார் தான் ரேஸ் ஓடுச்சுங்கறதை எங்க பட்டறையில டீ வாங்கிட்டு வர்ற பையன் கூட சொல்லுவான். எல்லாம் பேப்பர்ல படிச்சது தான்ங்க.

அந்த வருஷம் முடிஞ்சு நரேன் போயிட்டாரு, அப்புறம் 2011-ல ஹெச்ஆர்டி டீம்ல திரும்ப வந்தாரு. 2012 மலேசியாவுல மழையில பத்தாவது இடம் வரைக்கும் அந்த ஓட்டை காரை கொண்டு போனாரு, அதே ரேஸ்ல அப்போ சாம்பியனா இருந்த வெட்டல் அவரைத் தாண்டறப்போ இடிச்சு டயர் பஞ்சராகி 11-வதா போயி பாயின்ட் இல்லாம வீட்டுக்குப் போனாரு, அதுக்கு வெட்டல் பேசின பேச்சு இருக்கே, அதை இன்னும் எங்க ஊர்ல யாரும் மறக்கலைங்க. அந்த வருஷம் கடைசி ரேஸ் பிரேசில்ல, சாம்பியன் பட்டம் வெட்டலுக்கா அலோன்சோவுக்கான்னு உலகமே பாத்துட்டு இருக்கு, கடைசியில மூணே பாயின்ட்ல வெட்டல் ஜெயிச்சாரு. நான் பாத்துட்டு இருந்தது நரேனை. அது தான் அவரோட கடைசி ரேஸ்னு அப்போ தெரியாது, சீசன் முடிஞ்சதும் டீமே மூடிட்டாங்க.

அதே பிரேசில் ரேஸ்ல தான் முன்னாடி ஒருத்தர் வெள்ளை ஆரஞ்சு பச்சை கார்ல லீட் பண்ணிட்டு இருக்காரு, ஃபோர்ஸ் இந்தியா! அந்த டீமை நடத்துன மல்லையாவைப் பத்தி அப்புறம் என்னென்ன பேசினாலும் அந்த டீம் நம்ம பேர்ல ஓடுச்சு, 2009-ல ஸ்பாவுல ஃபிஸிகெல்லா போல் எடுத்து, அதாவது முதல் இடத்துல இருந்து கிளம்பி, ரெண்டாவது வந்தாரு, நமக்குன்னு ஒரு டீம். அதுல லீட் பண்ணிட்டு இருந்தது இந்த ஹல்கன்பர்க். மழை விட்டு விட்டு பெய்யுது, ஜென்சன் பட்டனையும் ஹாமில்டனையும் பின்னாடி வெச்சுட்டு லாப் லாப்பா, சுத்து மேல சுத்தா ஓட்டுறாரு, எனக்கு கை நடுங்குது, அப்புறம் ஹாமில்டனை திரும்ப முந்தப் போயி முதல் வளைவுல வழுக்கி ரெண்டு பேரும் இடிச்சு, இவருக்கு பெனால்டி, கடைசியில அஞ்சாவது. அன்னைக்கு பிடிச்சது தான்ங்க இந்த கிறுக்கு.

அப்புறம் வந்த ஒவ்வொரு வருஷமும் இதே கதை. ஃபோர்ஸ் இந்தியாவுல 2014-ல இருந்து மூணு வருஷம், பக்கத்து கார்ல இருந்த பெரெஸ் நாலு தடவை மேடை ஏறிட்டாரு, இவருக்கு கிடைக்கல. நடுவுல 2015-ல லீவு எடுத்துட்டு போற மாதிரி போயி போர்ஷ் கார்ல லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸை ஜெயிச்சுட்டு வந்தாரு, அப்போ திறமை இல்லன்னு எவன் சொல்லுவான்? 2019 ஹாக்கன்ஹைம்ல சொந்த நாட்டுல நாலாவது ஓடிட்டு இருந்தவரு ஈரத்துல வழுக்கி சுவத்துல போயி முட்டினாரு, அன்னைக்கு நான் சாப்பிடாம படுத்தேன், எங்க வீட்ல யாருக்கோ என்னமோ ஆயிருச்சுன்னு நினைச்சாங்க. அந்த வருஷத்தோட வேலையும் போச்சு. 2020-ல பெரெஸுக்கு கொரோனான்னு அவசரமா கூப்பிட்டாங்க, போயி உக்காந்த ரெண்டாவது வாரமே குவாலிஃபையிங்ல (யாரு எத்தனாவதா கிளம்பணும்னு முடிவு பண்ற ஓட்டம்) மூணாவது. அப்பவும் ரேஸ்ல ஏழாவது தான்.

இப்போ போன ஞாயித்துக்கிழமைக்கு வரேன், ஏன்னா இதை அதிர்ஷ்டம்னு ஒரு வார்த்தையில முடிச்சிருவீங்க. ட்ராக் ஈரம், வெயில் அடிக்கிற மாதிரியும் இருக்கு, மழை வர்ற மாதிரியும் இருக்கு. ரஸல், லெக்லேர் இன்னும் சில பேரு காஞ்சிரும்னு நம்பி ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே பிட்டுக்குள்ள போயி ஸ்லிக் டயர் மாத்திட்டாங்க. ஸ்லிக்ல கோடு கிடையாது, தண்ணி வெளிய போக வழியில்ல, ஈரத்துல பிடிமானமே இருக்காது, ஆனா காஞ்ச ரோட்டுல இன்டர்மீடியட் (ஈரத்துக்கான கோடு போட்ட டயர்) போட்டவனை விட வேகமா போகும். அவங்க கணக்கு தப்பாப் போச்சு. ஹல்கன்பர்க் இன்டர்மீடியட்லயே நின்னாரு. அப்புறம் கனமழை இறங்குறதுக்கு சரியா முன்னாடி உள்ள வந்து புது இன்டர்மீடியட் மாத்திட்டு போயிட்டாரு, மத்தவங்க தேஞ்ச டயர்ல தடவிட்டு இருக்காங்க. அந்த ஒரு முடிவுல அத்தனை இடம் ஏறிருச்சு. அப்புறம் ட்ராக்லயே ஸ்ட்ரோலை முந்தி மூணாவது. பின்னாடி யாரு வர்றா? 2014-ல இருந்து சில்வர்ஸ்டோன்ல ஒரு வருஷம் தப்பாம மேடை ஏறுன ஹாமில்டன், ஃபெராரி கார்ல. ஹாமில்டன் முதல்ல ஸ்லிக்குக்கு மாறினாரு, சாபர் அவசரப்படாம ஒரு லாப் கழிச்சு மாத்துனாங்க, குளிர்ந்த டயர்ல ஹாமில்டன் வெளிய வழுக்கிட்டு போக, இவரு பாட்டுக்கு போயிட்டாரு. கடைசி லாப்கள்ல நான் டிவியை பாக்கவே இல்ல, அடுப்படியில நின்னுட்டேன், பையன் கத்துன கத்துல தான் தெரிஞ்சுது.

ஏழு தடவை சாம்பியன் ஆனவர் ஃபெராரியில துரத்திட்டு வர்றப்போ, போன வருஷத்து கடைசி டீம் கார்ல அத்தனை லாப் ஒரு தப்பு பண்ணாம ஓட்டுறது அதிர்ஷ்டமாங்க?

நான் கேக்குறது ரொம்ப சின்னது. ஜெயிச்சவர் பேரோட நிறுத்தாதீங்க. முதல் பத்து பேருக்குத் தான் பாயின்ட், அந்த பத்து பேரையாவது போடுங்க. ஆறாவதா எட்டாவதா வர்றது சும்மா இல்ல, டீம்கள் வருஷக் கடைசியில எத்தனாவது இடம்ங்கறதை வெச்சுத் தான் பரிசுப் பணம் பிரிக்கிறாங்க. சாபருக்கு அன்னைக்கு வந்த 15 பாயின்ட் டேபிளையே மாத்திருச்சு. 2026-ல இதே டீம் தான் ஆடி (Audi) கார் கம்பெனி டீமா வரப் போகுது, அப்போ கண்டிப்பா எழுதுவீங்க, பெரிய கம்பெனி பேரு வந்தா எழுதுவீங்கன்னு தெரியும்.

இதை யாரு படிப்பாங்கன்னு உங்க ஆபீஸ்ல யாராவது கேட்டா, விபத்துன்னா மட்டும் படிப்பாங்களான்னு நான் திருப்பி கேப்பேன். 2020-ல பஹ்ரைன்ல குரோஷோன் கார் ரெண்டா உடைஞ்சு தீப்பிடிச்சப்போ எவ்ளோ பெரிய படம் போட்டீங்க, அவரு உயிரோட நடந்து வந்ததுக்கு காரணம் தலைக்கு மேல இருக்கிற ஹேலோங்கற அந்த டைட்டானியம் வளைவு, 2018-ல அதை வெச்சப்போ அசிங்கமா இருக்குன்னு ஆளாளுக்கு திட்டுனாங்க, அதைப் பத்தி ஒரு வரி இல்ல. போன வருஷம் சென்னை தீவுத்திடல்ல ராத்திரி ரேஸ் வெச்சப்போ ரோடு மறிச்சதும் அரசியலும் தான் செய்தி, கார் ஓட்டுன பசங்க யாருன்னு தேடித் தான் கண்டுபிடிக்கணும். அஜித் சார் துபாய்ல 24 மணி நேர ரேஸ் ஓட்டுனதை நல்லா விவரமா போட்டீங்க, சந்தோஷம், அந்த மாதிரி எழுத உங்ககிட்ட ஆள் இருக்காங்கன்னு அதுல தெரிஞ்சு போச்சு.

இந்தியாக்காரங்க யாரும் இப்போ ஓட்டலையேன்னும் சொல்லுவாங்க. விம்பிள்டனுக்கு கால் பக்கம் குடுக்குறீங்களே, அதுல இப்போ சிங்கிள்ஸ்ல நம்மாளு எங்க இருக்காங்க? மத்த ஊரை விடுங்க, இது செட்டிபாளையத்துல ரேஸ் ட்ராக் இருக்கிற ஊரு, மாருதி என்ஜினை வெச்சு கரிவரதன் ரேஸ் கார் கட்டுன ஊரு. எங்க பட்டறையில ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு தப்புனா செஞ்ச பாகத்தையே தூக்கிப் போடுறாங்க, அந்த பசங்களுக்கு நாலு டயரை ரெண்டு செகண்டுல எப்படி கழட்டி மாட்டுறாங்கன்னு படிக்க ஆசை இருக்காதுங்களா? மெக்லாரன் 2023 கத்தார்ல 1.80 செகண்டுல மாத்துனாங்க, அதை நான் சொன்னப்போ ஃபோர்மேன் நம்பவே இல்ல, வீடியோ காட்டினதும் திரும்பத் திரும்ப போடச் சொல்லி பாத்தாரு. அப்புறம் அவரே என்னைக் கேப்பாரு, உங்களுக்கு எதுக்கும்மா கார் ரேஸ்னு. அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல.

அடுத்த ரேஸ் ஜூலை 27, பெல்ஜியம் ஸ்பா, நம்ம நேரம் சாயந்திரம் ஆறரைக்கு. அங்க ஒரு சுத்து ஏழு கிலோமீட்டர், ஒரு பக்கம் மழை பெய்யும், இன்னொரு பக்கம் காஞ்சு கிடக்கும். ஒன்பது மணிக்கெல்லாம் ரிசல்ட் வந்துரும்ங்க. பத்து பேரு போடுங்க, படம் அன்னைக்கு ரேஸ் படமா இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.