எலும்பு தெரியும் காலை எத்தனை நாள் கட்டி வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் டிப்பர் லாரி மோதிக் கால் நசுங்கினால், 'படுகாயத்துடன் மருத்துவமனையில் அனுமதி' என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. எலும்பு வார்டில் செவிலியராக இருந்தவள் என்பதால், அதற்குப் பிறகு நடப்பதை எழுதுகிறேன்.

கணுக்காலுக்கு மேலே முன்பக்கம் எலும்பை மூடச் சதை கிடையாது, தோல்தான். அது பிய்ந்து வெற்றெலும்பு தெரிந்தால், தொடையிலிருந்து சீவிய தோலை ஒட்டினாலும் பிடிக்காது. என் அக்காள் மகன் ரப்பர் பால் வெட்டுபவன். விடியுமுன் பைக்கில் போகும்போது அடிபட்டான். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்பி போட்டு, கட்டு மாற்றிக்கொண்டே இருங்கள் என்றார்கள். வாரக்கணக்கில் மாற்றினோம். எலும்பு காய்ந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் திருவனந்தபுரத்தில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டினோம். ஆழத்தில் ஓடும் தமனியிலிருந்து தோலுக்கு ஏறிவரும் சிறு ரத்தக் குழாய்கள் உண்டு. ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும் பேனா போன்ற டாப்ளர் கருவியைக் காலில் வைத்து, 'புஸ், புஸ்' என்று சத்தம் கேட்ட இடத்தில் மையால் புள்ளி வைத்தார். செத்த எலும்பைச் சுரண்டிவிட்டு, அந்த ஒரு குழாயை மட்டும் வெட்டாமல், சுற்றியிருந்த தோலை ஃபேன் இறக்கை மாதிரி அரைவட்டம் திருப்பிப் புண்ணை மூடினார். எடுத்த இடத்துக்குத் தொடைத் தோல். இதுதான் பெர்ஃபொரேட்டர் ஃபிளாப். பெரிய தமனியை வெட்ட வேண்டாம், தசையை எடுக்க வேண்டாம். ஜப்பானில் கோஷிமா என்ற மருத்துவர் 1989-இல் தொடங்கிவைத்த வழி, புதுசு ஒன்றும் இல்லை.

எல்லாருக்கும் ஒத்துவராது, அதையும் சொல்ல வேண்டும். குழாயே நசுங்கியிருந்தால் வேறு வழி பார்ப்பார்கள். சர்க்கரைக்காரர்களுக்கும் பீடி பிடிப்பவர்களுக்கும் திருப்பி வைத்த தோலின் ஓரம் கறுக்கும் அபாயம் கூடுதல். முதல் நாட்களில் காலைத் தலையணையில் உயர்த்தி வைத்து, மூடிய தோலை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். விரலை எடுத்த பிறகும் வெளுத்தே கிடந்தால் ரத்தம் போகவில்லை. நீலம் பாரித்தால் போன ரத்தம் திரும்பவில்லை. ராத்திரி டியூட்டியில் இதைக் கவனிக்க ஆள் வேண்டும்.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கான 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது, நல்லது. ஆனால் புண்ணை மூடும் வேலை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது. எனவே எலும்பு தெரியும் ஒவ்வொரு காலையும் முதல் வாரத்துக்குள் பிளாஸ்டிக் சர்ஜன் பார்த்தாக வேண்டும் என்று நம் குமரி மாவட்டத்தின் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் சுகாதாரத்துறை உத்தரவிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
குலசேகரம்.