பழையதைச் செல்லுபடியாக்கும் முன் எங்கள் ரசீதையும் பாருங்கள்

டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். டாலஸுக்கு வடக்கே, சில வருடம் முன்புவரை மக்காச்சோளம் விளைந்த நிலத்தில் எழுந்த ஒரு சிற்றூரில் குடியிருக்கிறேன். இதன் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகங்களுக்கு வரும். என் தெருவில் இதே பிஐடி (PID, பொது மேம்பாட்டு மாவட்டம்) ரசீதைக் கட்டுகிற தமிழ்க் குடும்பங்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

பொது மேம்பாட்டு மாவட்டம் என்பது, சாலை, குழாய் போன்ற வேலைகளின் செலவை அங்குள்ள சொத்துக்காரர்களிடமே தவணையாக வசூலிக்க ஊர் நிர்வாகம் வரையறுக்கும் பகுதி. அதை அமைத்ததில் சிற்றூர்கள் செய்த பழைய பிழைகளை, 'நடந்த நாள் முதலே செல்லும்' என்று ஒரே வரியில் சரிசெய்யும் மசோதாக்கள் உங்கள் முன் வருவதுண்டு. அவற்றின் தேவை எனக்குப் புரிகிறது. 5,000 பேருக்குக் குறைவான ஊர் தனக்கென்று சாசனம் (ஊரின் சொந்த ஆட்சி விதிகள்) எழுதிக்கொள்ள முடியாது; மாநிலச் சட்டம் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் அதற்கு உண்டு. நோட்டீஸ் ஒரு நாள் பிந்தினாலும் எல்லாமே கேள்விக்குள்ளாகிவிடும். அதற்குள் கடன் பத்திரம் விற்றிருப்பார்கள், குழாயும் புதைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட பிழையை மன்னியுங்கள், சரி.

ஆனால் இந்த மாவட்டங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பாருங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நில மதிப்பில் பாதிக்கு மேல் வைத்திருப்பவர்கள் மனுப் போட வேண்டும். அதோடு, உரிமையாளர்களில் பாதிப் பேருக்கு மேல், அல்லது பரப்பில் பாதிக்கு மேல் வைத்திருப்பவர்கள் சேர வேண்டும். நிலம் வயலாகக் கிடக்கும்போது உரிமையாளர் பெரும்பாலும் டெவலப்பர் ஒருவர்தான். மனுவில் அவர் கையெழுத்து. மாவட்டம் அமைப்பது பற்றிய பொது விசாரணைக்கு 15 நாள் முன்னால் தபாலில் போகிற நோட்டீஸும் அவருக்கே. இருபது, முப்பது வருடம் தவணை கட்டப் போகிற நாங்கள் அப்போது அந்த அறையில் இல்லை.

எங்களுக்கு இது தெரிய வந்தது நவம்பரில் வந்த முதல் வரி ரசீதில். கவுண்டி, பள்ளி, ஊர் என்று மூன்று வரிகளுக்குக் கீழே நாலாவதாக ஒன்று. மனைவி மஞ்சள் மார்க்கரால் கோடிட்டு, "இது என்னங்க?" என்று கேட்டாள். வீடு எங்கள் பெயருக்கு மாறிய க்ளோசிங் அன்று கையெழுத்துப் போட்ட கட்டு முழுவதையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பித் தேடினோம். அதைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, இந்தத் தொகைக்காக வீட்டின் மீதுள்ள பிடிப்புரிமை (லியன்) வங்கிக் கடனுக்கும் முந்தியது என்று.

இதற்காகத்தான் 2021-இல் நீங்களே ஒரு சட்டம் போட்டீர்கள். ஒப்பந்தத்துக்கு முன்பே விற்பவர் தனி நோட்டீஸ் தர வேண்டும். தராவிட்டால் வாங்குபவர் விலகலாம். மாவட்டத்தின் செலவையும் கடனையும் சொல்லும் சேவைத் திட்டத்தை, ஊர் நிர்வாகம் அதை ஏற்ற 7 நாளுக்குள் கவுண்டியின் ஆவணப் பதிவு அதிகாரியான கவுண்டி கிளார்க்கிடம் பதிய வேண்டும். 'முன்பு செய்த அனைத்தும் செல்லும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், பதியாமல் விட்டதும் அதற்குள் அடங்கிவிடும். தேதிப் பிழையையும் வாங்குபவரின் கண்ணில் படாமல் போனதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பதியாமல் விட்ட ஊர்களைப் பெயரிட்டே விலக்குங்கள். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்குகளுக்கு இது பொருந்தாது என்று வழக்கமாகச் சேர்க்கும் பிரிவையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. இத்தகைய மசோதாக்களில் ஊரின் பெயருக்குப் பதில் 'இத்தனை முதல் இத்தனை வரை மக்கள்தொகை கொண்ட நகரம்' என்றிருக்கும். அது தன் ஊர்தான் என்று அங்கே குடியிருப்பவருக்கே தெரியாது. கமிட்டி கூடும் முன், அங்கே தவணை கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். முகவரிகள் ஊர் நிர்வாகத்திடம் இருக்கின்றன. வருடா வருடம் ரசீது அந்த முகவரிகளுக்குத்தான் வருகிறது.

இப்படிக்கு,
வடக்கு டெக்சாஸில் தவணை கட்டும் ஒரு வீட்டுக்காரர்